பிக்கோ தட்டை ஓரமாகத் தள்ளாதீங்க



நவராத்திரி நெருங்கி வருது. உபயப் பட்டியல் போட ஆரம்பிச்சாச்சு. சுண்டல் யாரு, கேசரி யாரு, தண்ணீர்ப் போத்தல் யாருன்னு பேசிக்கிட்டு இருக்கும்போதே தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில ஒரு கேள்வி வந்தது. "வீட்டில் செய்த பிலிப்பீன்ஸ் இனிப்பு கொண்டு வரலாமா?" அவ்வளவுதான் கேள்வி. ராத்திரிக்குள்ள நாற்பது பதில். சிலது சிரிப்பு, சிலது கோபம், ஒன்னு ரெண்டு படிக்கவே சங்கடமா இருந்தது. குழுவில பதில் போட்டா இன்னும் நாற்பது வரும். அதனால எங்க கருத்தை இங்கேயே முழுசா எழுதிடுறோம். இது நிர்வாகத்தின் அறிவிப்பு இல்லை. பந்தியில பரிமாறி, அண்டா கழுவி, மேசை துடைக்கிற தொண்டூழியர்கள் நாங்க எழுதுறது. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒன்னைத் தெளிவா சொல்லிடுறோம். நைவேத்தியத்தைப் பத்தி நாங்க பேசவே இல்லை. அம்பாளுக்கு என்ன படைக்கணும், யார் கையால செய்யணும் என்பது மடப்பள்ளி விஷயம், குருக்கள் சொல்றதுதான். நாங்க பேசுறது பூசை முடிஞ்சு மண்டபத்தில பக்தர்கள் உட்கார்ந்து சாப்பிடுற மேசையைப் பத்தி. அப்புறம் அவங்கவங்க வீட்டுக் கொலுவுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கிற தட்டைப் பத்தி. அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருக்கு: முட்டை, மீன், இறைச்சி, மது எதுவும் கூடாது. அந்தச் சட்டத்தை நாங்க மாத்தச் சொல்லல. எல்லாருக்கும் ஒரே மாதிரி பாருங்கன்னுதான் கேட்கிறோம்.

ஏன் இப்படிச் சொல்றோம்னா, போன வருஷம் ஒரு பக்தர் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. வாழையிலை விரிச்சு, அதுமேல கரும்பழுப்பு நிறத்தில ஒட்டரிசி இனிப்பு, அதுக்கும் மேல பொன்னிறமா பொடிப்பொடியா ஏதோ தூவியிருந்தது. பேரு பிக்கோ. அந்த வீட்டில் ஒன்பது வருஷமா வேலை பார்க்கிற பிலிப்பீன்ஸ் பணிப்பெண்ணும் அந்த வீட்டு அம்மாவும் சேர்ந்து செஞ்சது. மேசை நடுவில வச்சாங்க. பத்து நிமிஷத்தில அது ஓரத்துக்குப் போச்சு. அப்புறம் மேசைக்கு அடியில போச்சு. ஆனா கடையில வாங்கின கப் கேக் பெட்டி ஒன்னு நடுவிலயே இருந்தது. பிள்ளைங்க வரிசையா எடுத்தாங்க. பெட்டியின் பக்கவாட்டில 'முட்டை' என்று ஆங்கிலத்தில அச்சடிச்சே இருந்தது. ஒருத்தரும் திருப்பிப் பார்க்கல.

ஃபேக்டரியில எங்க வேலையே இதுதான். சரக்கு உள்ள வரும்போது பெட்டி மேல எந்த நாட்டுப் பேர் இருக்குன்னு பார்த்து பாஸ் பண்ண முடியாது. திறந்து, உள்ள இருக்கிற பாகத்தை அளந்து, பட்டியலோட ஒத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடணும். அதே பழக்கத்தில பிக்கோவையும் திறந்து பார்ப்போமே.

உள்ள என்ன இருக்கு? ஒட்டரிசி (இங்கே கடையில புளூட் அரிசின்னு கேட்டாத்தான் கொடுப்பாங்க), தேங்காய்ப்பால், பழுப்புச் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. முடிஞ்சது. மேலே தூவுற பொடிக்குப் பேர் லாத்திக். அதுவும் தேங்காய்ப்பால்தான். முதல் பாலைச் சின்னத் தீயில அரை மணி நேரத்துக்கு மேல காய்ச்சினா எண்ணெய் பிரியும், அடியில திப்பித்திப்பியா நிக்கிறது மெல்லச் சிவக்கும். வெண்ணெய் காய்ச்சினா நெய்க்கு அடியில நிக்குமே கசண்டு, சின்ன வயசில சண்டை போட்டு வழிச்சுத் தின்போமே, அதோட தேங்காய்த் தம்பின்னு வச்சுக்குங்க. ஒரு விஷயம்: பெட்டியில வர்ற தேங்காய்ப்பால்ல பெரும்பாலும் பிரியாம இருக்க ஏதாவது சேர்த்திருப்பாங்க. அதை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் லாத்திக் சரியா வராது. தேக்கா மார்க்கெட்டில தேங்காய் வாங்கித் துருவிப் பிழிஞ்சாத்தான் வரும்.

செய்முறையும் நமக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டு கப் அரிசியை ஊறவச்சு, ஒன்றரை கப் தண்ணியில முதல்ல வேகவைக்கணும். தனியா நாலு கப் தேங்காய்ப்பால்ல ஒன்றரை கப் சீனியைப் போட்டு, கரண்டியில ஒட்டுற பதம் வரைக்கும் காய்ச்சணும். அப்புறம் வெந்த சோத்தை அதில கொட்டி, அடி பிடிக்காம கிண்டணும். கை கடுத்துப் போகும், ஆளை மாத்தி மாத்திக் கிண்டுங்க. அரிசி முழுசா வேகாம பாகில போட்டா அதுக்கப்புறம் வேகவே வேகாது, நறுக்குனு நிக்கும். சர்க்கரைப் பொங்கல்ல வெல்லத்தை அவசரமா போட்டவங்களுக்கு இது தெரியும். எங்க பாட்டி மாருங்க சொன்ன அதே வார்த்தையை மணிலாவில ஒரு பாட்டியும் அவங்க மொழியில சொல்லியிருப்பாங்க.

இப்போ "அது சர்ச்சுப் பலகாரம்"னு சொன்னவங்களுக்கு. பிலிப்பீன்ஸ் ஜனங்கள்ல பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், உண்மைதான். 1565இல் இருந்து 1898 வரைக்கும் ஸ்பெயின் ஆட்சி. ஆனா அரிசியும் தேங்காயும் சேர்த்துச் செய்ற பலகாரங்கள் ஸ்பெயின்காரன் கப்பல் வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தீவுகள்ல இருந்தவை. அந்த வகைக்கே காகானின்னு ஒரு பேர் வச்சிருக்காங்க. கானின் என்றால் அவங்க மொழியில சோறு. மதம் பின்னாடி வந்தது, பலகாரம் அதோட சேர்ந்து நடந்துச்சு.

எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒன்னு இதில இருக்கு. எங்க லைன்ல பல வருஷமா பிலிப்பீன்ஸ்காரங்க வேலை பார்க்கிறாங்க. டிசம்பர் வந்தாலே அவங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துடும். அவங்க ஊர்ல டிசம்பர் 16இல் இருந்து 24 வரை ஒன்பது நாள், விடியறதுக்கு முன்னாடியே எழுந்து கோயிலுக்குப் போவாங்க. சிம்பாங் காபின்னு பேர். வழிபாடு முடிஞ்சு வெளிய வந்தா வாசல்ல சூடா அரிசிப் பலகாரம் விக்கும். நமக்கு மார்கழி பிறக்கிறதும் அதே 16ஆம் தேதி வாக்கில்தானே? இருட்டில குளிச்சு, திருப்பாவை திருவெம்பாவை கேட்டு, வெளிய வந்தா தொன்னையில சூடா பொங்கல். அவங்க வாசல்ல விக்கிற பலகாரங்கள்ல ஒன்னு பூத்தோ பும்போங். ஊதா நிறத்து அரிசி மாவை மூங்கில் குழாயில அடைச்சு ஆவியில வேகவச்சு, தேங்காய்த் துருவலும் பழுப்புச் சீனியும் தூவிக் கொடுப்பாங்க. குழாய்ப்புட்டு சாப்பிட்டு வளர்ந்த நாம இதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கலாமா? மலாய்க்காரங்க புட்டு பிரிங், புட்டு மாயம்னு சொல்றாங்க, நாம புட்டுன்னு சொல்றோம், அவங்க பூத்தோன்னு சொல்றாங்க. யார் யார்கிட்ட இருந்து எடுத்தாங்கன்னு பட்டிமன்றம் வைக்க வேண்டாம். சாப்பிட்டுப் பாருங்க.

இன்னும் இருக்கு. பாலித்தாவ்: ஒட்டரிசி மாவைத் தண்ணியில பிசைஞ்சு, தட்டி, கொதிக்கிற தண்ணியில போடணும். வெந்ததும் தானே மேல மிதந்து வரும். லித்தாவ் என்றால் மேலே தெரிய வர்றது, அதான் பேர். எடுத்துத் தேங்காய்த் துருவல்ல புரட்டி, சீனியும் வறுத்த எள்ளும் தூவினா தீர்ந்தது வேலை. பிலோ-பிலோ: சின்னச் சின்ன மாவு உருண்டை, ஜவ்வரிசி, வாழைப்பழம், சக்கரவள்ளிக் கிழங்கு, பலாச்சுளை எல்லாம் தேங்காய்ப்பால்ல. செட்டிநாட்டுக்காரங்க பால் கொழுக்கட்டைன்னு கையை நீட்டுவாங்க, பக்கத்து வீட்டு மலாய்க்காரங்க புபுர் சாச்சான்னு சொல்வாங்க. பாஸ்தியாஸ் என்பது பாலையும் சீனியையும் சுண்டக் காய்ச்சி உருட்டுறது, நம்ம பால்கோவா குடும்பம். எருமைப் பால்ல செய்றதுக்கு புலாக்கான் மாநிலத்தில சான் மிகேல் ஊர் பேர் போனது.

ஊபேயைத் தனியா சொல்லியாகணும். இப்போ இங்கே கேக், ஐஸ்கிரீம், லாட்டேன்னு எங்க பார்த்தாலும் ஊதா நிறமா இருக்கே, அந்தக் கிழங்கு. அதை அவிச்சுத் துருவி, பாலும் சீனியும் வெண்ணெயும் போட்டுக் கிண்டி ஹலாயா செய்வாங்க. இளசுங்க ஏதோ புதுசுன்னு நினைக்குது. நம்ம கோயிலுக்கு வர்ற யாழ்ப்பாணத்துப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அது ராசவள்ளிக் கிழங்கு. தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அவங்க வீட்டில காலங்காலமா கிண்டுறதுதான். ஒரே கிழங்கு. யாழ்ப்பாணத்துப் பாட்டி கிண்டினா பாரம்பரியம், பிலிப்பீன்ஸ் பாட்டி கிண்டினா 'வெளிநாட்டு அயிட்டம்' என்பது என்ன நியாயம்?

ஆனா எல்லாத்தையும் கொண்டு வாங்கன்னு சொல்ல மாட்டோம். லேச்சே ஃபிளான் மஞ்சள் கருவாலேயே ஆனது, மண்டபத்துக்கு ஆகாது. முட்டையில்லா லேச்சே ஃபிளான்னு இணையத்தில நிறைய வருது, எங்களைக் கேட்டா அது வேற ஒரு புட்டிங், அந்தப் பேரை விட்டுடலாம். பிபிங்காவிலும் முட்டை, மேல உப்பு முட்டையும் வைப்பாங்க. மரவள்ளிக் கேக் பல வீட்டில முட்டை போட்டுத்தான் செய்வாங்க, கேட்டுத்தான் வாங்கணும். ஹோப்பியா, என்சைமாடா ரெண்டிலும் பன்றிக் கொழுப்பு சேர்க்கிற வழக்கம் உண்டு, கடைச் சரக்கா இருந்தா தொடாதீங்க. பேரீச்சையும் வால்நட்டும் போட்ட ஒரு துண்டுக் கேக்குக்குப் பேரே 'தெய்வங்களுக்கான உணவு'. பேரைப் பார்த்து அம்பாள் முன்னாடி வச்சிடாதீங்க, அதிலயும் முட்டை!

இதைவிட முக்கியமானது ஜெலட்டின். பூக்கோ பாண்டான்னு ஒன்னு இருக்கு. இளநீர் வழுக்கை, பாண்டான் இலை வாசத்தோட பச்சை ஜெல்லி, கிரீம். பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஜெல்லியை குலாமான்ல செஞ்சா அது கடற்பாசி, நம்ம அகார் அகார்தான், தாராளமா சாப்பிடலாம். ஜெலட்டின் பொடியில செஞ்சா அது மிருகத்தின் தோலும் எலும்பும். "ஹலால் முத்திரை இருக்கே"ன்னு நம்ம ஆளுங்க வாங்கிடுறாங்க. ஹலால்னா பன்றி இல்லைன்னு அர்த்தம், சைவம்னு அர்த்தம் இல்லை. ஹலால் ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுத்ததா இருக்கலாம். கோயிலுக்கு வர்ற நாம இதைத்தான் பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கணும். பிக்கோவைத் தள்ளி வச்ச மேசையில வண்ண வண்ண மார்ஷ்மெலோ கிண்ணம் ஒன்னும் இருந்தது என்பதை மட்டும் சொல்லிட்டு மேல போறோம்.

குழுவில வந்த இன்னொரு வார்த்தையைச் சொல்லாம விட முடியல. "பன்றி சாப்பிடுற கை." ஐயா, அம்மா, கொஞ்சம் யோசிங்க. நம்மில் எத்தனை வீட்டில அந்தக் கைதான் காலையில இட்லி ஊத்துது? வயசான அப்பாவுக்கு மருந்து கொடுத்து, கால் பிடிச்சு, சக்கர நாற்காலியில வச்சு இதே கோயில் வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டு வர்றது யாரு? அன்னதானம் முடிஞ்சதும் "உங்க வீட்டுப் பணிப்பெண்ணைக் கொஞ்சம் பாத்திரம் கழுவ அனுப்புங்க"ன்னு கேட்கிறது நாமதானே. அண்டா கழுவ ஆகும்னா, வாழையிலை விரிச்சு அன்பா ஒரு இனிப்பு வைக்க மட்டும் எப்படி ஆகாம போச்சு? அந்தப் பெண் போன வருஷம் மண்டபத்துக் கதவோரமா நின்னு, தட்டு எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒன்னும் சொல்லல. தட்டு காலியாகாம வீடு திரும்பினப்போ அதை அவங்கதான் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

அதே சமயம் மறுபக்கமும் ஒரு கூட்டம் இருக்கு. "அட, நல்லாத்தான் இருக்கு, அந்தப் பொண்ணை நூறு துண்டு செய்யச் சொல்லுங்க, ஆளுக்கு ரெண்டு வெள்ளி போட்டு வித்துக் கோயிலுக்கு நிதி திரட்டலாம்"னு ஒருத்தர் யோசனை சொன்னார். நல்ல மனசுதான். ஆனா கூடாது. பணிப்பெண் வேலை அனுமதி அந்த வீட்டு வேலைக்கு மட்டும்தான். வேற இடத்துக்கு வேலைக்கு அனுப்புறது, வியாபாரத்துக்குச் சமைக்க வைக்கிறது எல்லாம் சட்டப்படி தப்பு. ஓய்வு நாள்ல செய்யட்டும்னும் சொல்லாதீங்க. 2023 ஜனவரியிலிருந்து மாசத்துக்கு ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட்டாகணும். ஞாயித்துக்கிழமை லக்கி பிளாசா பக்கம் போய்ப் பாருங்க, அந்த ஒரு நாளைக்கு அவங்க எப்படி உடுத்திக்கிட்டு வர்றாங்கன்னு. அதைப் பிடுங்கி நாம புண்ணியம் தேட வேண்டாம்.

அதனாலதான் சொல்றோம், நாமளே செய்வோம். அவங்க மனசு வச்சுச் சொல்லிக் கொடுத்தா பக்கத்தில நின்னு கத்துக்கிட்டு, கரண்டியை நம்ம கையில எடுப்போம். எங்க வீட்டில அப்படித்தான் கத்துக்கிட்டோம், வேலையிடத்துத் தோழி ஒருத்தங்க சொல்லச் சொல்ல எழுதி வச்சு. அவங்களை எல்லாரும் ஆத்தேன்னு கூப்பிடுவாங்க. முதல் தடவை கேட்டப்போ யாரோ பயந்து கத்துறாங்கன்னு நினைச்சோம். அவங்க மொழியில அது அக்கா. அண்ணனுக்கு கூயா. முன்னப்பின்ன தெரியாத ஆளைக்கூட அண்ணன், அக்கான்னு கூப்பிடுற ஜனம், நம்மளை மாதிரியே.

"நம்ம அதிரசமே அழியுது, இதில பிக்கோ வேறயா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டிருந்தார். நியாயமான கவலை. அவர் மேல எங்களுக்குக் கோபமே இல்லை. ஆனா அதிரசத்தை விரட்டினது பிக்கோ இல்லைங்க, கடையில வாங்குற பெட்டி. அரிசி ஊறவைக்க, மாவு இடிக்க, பாகு பதம் பார்க்க நமக்கு நேரமும் இல்லை, கையும் மறந்து போச்சு. பிக்கோ கிண்டின கை பாகு பதத்தை மறுபடி பழகும். போன தீபாவளிக்கு எங்க வீட்டில ரொம்ப வருஷம் கழிச்சு அதிரசம் சுட்டோம், அந்தத் தைரியம் வந்ததே ரெண்டு மூணு தடவை பிக்கோ கிண்டினதுக்கு அப்புறம்தான். முதல் ஈடு பிரியாம வந்துச்சு, அதை மட்டும் பெருமையா சொல்லிக்கிறோம்.

செஞ்சு கொண்டு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரை மாத்தாதீங்க. 'பிலிப்பீன்ஸ் சர்க்கரைப் பொங்கல்'னு எழுதி ஒட்டினா விலைபோகும்னு சிலர் நினைக்கிறாங்க. பிக்கோன்னே எழுதுங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா அவங்க பேரையும் சொல்லுங்க. பழுப்புச் சீனிக்குப் பதிலா குலா மலாக்கா போடலாமான்னா போடலாம், இங்கே இருக்கிற பிலிப்பீன்ஸ்காரங்களே அப்படிச் செய்றாங்க. தேங்காய்த் துருவலை மட்டும் பச்சையா தூவாதீங்க. நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் புளிச்சுடும். ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பாண்டான் இலையும் போட்டுப் பத்து நிமிஷம் ஆவி காட்டித் தூவுங்க. செஞ்சு நாலு மணி நேரத்துக்குள்ள பரிமாறிடணும், மிச்சத்தை யாருக்கும் கட்டிக் கொடுக்க வேண்டாம்.

இந்த வருஷம் மேசைக்கு வர்ற ஒவ்வொரு தட்டிலும், அது சுண்டலா இருந்தாலும் கப் கேக்கா இருந்தாலும் பிக்கோவா இருந்தாலும், என்னென்ன போட்டிருக்குன்னு ஒரு சின்னச் சீட்டு ஒட்டணும்னு நிர்வாகத்திடம் கேட்டிருக்கோம். சரின்னு சொல்லியிருக்காங்க. சீட்டு நாங்களே அச்சடிச்சு நுழைவாயில்ல வைக்கிறோம். சீட்டு இல்லாத தட்டு, யார் வீட்டுத் தட்டா இருந்தாலும், மேசைக்கு வராது.

மூணாம் நாள் உபயத்துக்கு நாங்க பாலித்தாவ் செய்யலாம்னு இருக்கோம், முந்நூறு துண்டு. மாவு பிசையவும் தட்டவும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, மிதந்து வர்றதைப் பார்க்க அவங்களுக்கு ஜாலியா இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்துப் பின்கட்டு. இப்போதைக்குத் தேங்காய் துருவ ரெண்டு பேர் குறையுது. வர முடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க, துருவலகை வீட்டில இருந்தா கையோட எடுத்துக்கிட்டு வந்துடுங்க.